கருணையனின் அழுகை

பள்ளிக்கூடத்தில் தேம்பாவணி படித்தவர்களைக் கேட்டால் பகுபத உறுப்பிலக்கணம்தான் ஞாபகம் வரும் என்பார்கள். எனக்கும் அப்படித்தான். போன வருஷம் எங்கள் வீட்டில் ஒரு சாவு நடந்த பிறகுதான் அந்தப் பாடல்களைத் திரும்ப எடுத்தேன்.

3,615 பாடல்களில் வளனை, அதாவது சூசையப்பரை, தலைவனாக வைத்து வீரமாமுனிவர் எழுதிய காப்பியம் இது. திருமுழுக்கு யோவானுக்கு இதில் கருணையன் என்று பெயர். அருள் என்ற பொருள் அந்த எபிரேயப் பெயரிலேயே இருக்கிறது.

காட்டில் தாய் எலிசபெத் இறந்துவிடுகிறாள். விவிலியத்தில் இந்தச் சாவு கிடையாது. கருணையன் குழியில் பூப்பரப்பி அடக்கம் செய்துவிட்டுப் புலம்புகிறான். பிழைக்கத் தெரியாது, சாப்பாடு தேடத் தெரியாது, காட்டுவழி தெரியாது. அம்மா காட்டியது மட்டும்தான் தெரியும், அவளும் தனியா விட்டுட்டுப் போயிட்டா. பின்னாளில் பாலைவனத்தில் தனியாக வாழப்போகும் துறவி அழுகிற அழுகை இது!

மரமும் சுனையும் கூட அழுவது நம் காப்பியங்களுக்குப் புதுசில்லை. ஆனால் இங்கே அது சடங்காகத் தெரியவில்லை. காடு அவனுக்குப் புத்தி சொல்லவில்லை, கூடச் சேர்ந்து அழுகிறது.

எங்கள் வீட்டில், "அழாதீங்க, ஆண்டவர்கிட்டதானே போயிருக்காங்க" என்றார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். ஆனால் லாசரை எழுப்பப்போகும் இயேசுவே முதலில் கண்ணீர் விட்டதாகத்தான் யோவான் நற்செய்தி 11ஆம் அதிகாரம் சொல்கிறது. இத்தாலியிலிருந்து வந்த பாதிரியாருக்கு அது புரிந்திருக்கிறது. துக்க வீட்டில் நமக்குத்தான் மறந்துபோகிறது.