தக்கன் வேள்வியும் நாத்திகன் அறமும்

கடவுள் உண்டெனக் கொள்ளாதான் ஒருவன். ஆயினும் அவன் பொய் புகலான், பிறன்பொருள் வௌவான், எளியார்க்கு இரங்குவான், தன்னலங் கருதாது ஊர்க்கு உழைப்பான். இத்தகையான் உய்தி பெறுவானோ பெறானோ என்பது சமயநூல் கற்பார் உள்ளத்தில் என்றேனும் ஒருநாள் எழும் வினாவாகும். நம்மவருட் பலர் இதற்குத் தயக்கமின்றி விடை கூறுவர். இறைவன் திருவடியை நினையாது செய்யும் நற்செயல் பயன்படாது. ஆதலின் நாத்திகனது அறம் பாறைமேல் இட்ட வித்தாகும் என்பது அன்னோர் முடிபு. இதற்கு அவர்கள் காட்டும் ஆதாரம் சிவஞானசித்தியார். அந்நூல் உண்மையில் அங்ஙனங் கூறுகின்றதா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிவஞானசித்தியார் 13ஆம் நூற்றாண்டில் விளங்கிய அருணந்தி சிவாசாரியரால் இயற்றப்பட்டது. மெய்கண்ட சாத்திரங்கள் 14இனுள் அளவாற் பெரியது. பிறர் மதங்களை மறுக்கும் பரபக்கம், தம் மதத்தை நிறுவும் சுபக்கம் என இரு பகுதிகளை உடையது. யாழ்ப்பாணத்தார்க்கு இந்நூல் புதியதன்று. நம் திருநெல்வேலியூரிற் பிறந்த ஞானப்பிரகாச முனிவர் 17ஆம் நூற்றாண்டிலேயே இதற்கு உரை கண்டார். ஆதலின் இதன் சொற்களை நிறுத்துப் பார்த்துப் பொருள் கொள்ளும் கடமை நமக்குண்டு.

சுபக்கத்தின் இரண்டாஞ் சூத்திரத்தில் நம் வினாவோடு தொடர்புடைய கருத்துக்கள் மூன்று அடுத்தடுத்து வருகின்றன. ஒழுக்கம், அன்பு, அருள், தவம், தானம், வாய்மை, அடக்கம் முதலிய அறங்கள் யாவும் இரக்கமே வடிவான இறைவன் இட்ட பணிகள் என்பது முதலாவது. எத்தெய்வத்தை ஒருவர் வழிபடினும் அத்தெய்வமாக வந்து அருள்பவன் அம்மையொரு பாகனே என்பது இரண்டாவது. அரன் திருவடியை மறந்து செய்யும் அறம் வீணாம், அத்திருவடிக்கண் அன்பில்லார் செய்த புண்ணியமும் பாவமாய் முடியும் என்பது மூன்றாவது.

இம்மூன்றனுள் முதலாவது நாத்திகனுக்கு வாயில் திறப்பது போலவும், மூன்றாவது அவ்வாயிலை அடைப்பது போலவும் தோன்றும். இரண்டாவதோ அவனுக்குப் பயன்படாது. அது வேறு தெய்வத்தை வணங்குவார்க்கு ஆறுதலளிப்பது. எத்தெய்வத்தையும் வணங்காதானைப் பற்றி அது பேசவில்லை. ஆகவே முதலாவதையும் மூன்றாவதையும் எங்ஙனம் இயைத்துப் பொருள் கொள்வது என்பதே சிக்கல்.

இச்சிக்கலை அவிழ்க்கும் திறவுகோலை ஆசிரியர் தாமே தந்துள்ளார். மூன்றாங் கருத்தை விளக்குதற்கு அவர் இருவரை எடுத்துக் காட்டுகின்றார். ஒருவர் தந்தையின் தாளை வெட்டியும் சிவனருள் பெற்ற சண்டேசுரப் பிள்ளையார். மற்றவன் பெருவேள்வி செய்தும் அழிவெய்திய தக்கன். பயனற்ற புண்ணியத்திற்கு ஆசிரியர் காட்டிய சான்று யார் என்பதை ஈண்டு ஊன்றி நோக்குதல் வேண்டும். தக்கன் நாத்திகனா? அல்லன். அவன் தேவர்கள் உளர் என்பதை ஐயுறாதவன். வேதவிதிப்படி வேள்வி வேட்டவன். அவிப்பாகம் பெறத் தேவர் குழாத்தையே அழைத்தவன். அவன் சிவபெருமானை அறியாதவனுமல்லன். மருகராகப் பெற்றுப் பழகியவன். அறிந்திருந்தும் செருக்கினால் அப்பெருமானை வேள்விச்சாலைக்குப் புறம்பாக்கினான். அதனாலேயே அவன் வேள்வி தீவினையாயிற்று.

பரபக்கத்திலே உலகாயதனை முதற்கண் நிறுத்தி மறுத்த ஆசிரியர்க்கு, நாத்திகன் ஒருவனையே ஈண்டும் சான்றாகக் காட்டுதல் அரிதன்று. அவர் அங்ஙனஞ் செய்யாது, சடங்கிற் சிறந்த ஓர் ஆத்திகனைக் காட்டினார். மறத்தல் என்னுஞ் சொல்லும் இதற்கு அரண் செய்கின்றது. முன் அறிந்த ஒன்றையே ஒருவன் மறத்தல் கூடும்; அறியாததை மறந்தான் என்றல் வழக்கன்று. ஆகவே இப்பகுதியின் கண்டனம், அறியாமையால் இறைவனை ஏலாத நல்லோனைவிட, அறிந்தும் செருக்கினால் அவனைப் புறம்பாக்கிய சமயியையே முதற்கண் சுடுகின்றது எனல் பொருந்தும்.

அன்பில்லார் என ஆசிரியர் பொதுப்படக் கூறினமையின் நாத்திகனும் அதனுள் அடங்குவானன்றோ எனின், கூறுவாம். அறங்கள் யாவும் இறைவன் பணியே என்றும், அவ்வறங்களுள் உயிர்கள்மாட்டுச் செய்யும் அன்பும் அருளும் ஒன்று என்றும் ஆசிரியரே விதந்து ஓதினார். அப்பணியைச் செய்வான் ஒருவன் பணித்தவனை அறியாதிருக்கலாம். பணித்தவனைப் பகைத்தான் என்றல் ஆகாது. மேலும், இறைவன் தனக்கென விருப்பு ஒன்றுமிலன் என்பதும் அவ்விடத்திலேயே கூறப்பட்டது. தன்னை ஒருவன் இல்லை என்றதனால் வருந்தி வெகுளும் குறையுடைமை அவனுக்கு இல்லை.

இனி, வேறொரு தடை எழும். சித்தாந்த மரபு நற்செயலைப் பசுபுண்ணியம், சிவபுண்ணியம் என இரண்டாகப் பகுக்கும். பசுபுண்ணியம் சுவர்க்க போகத்தைத் தந்து கழியும், பாசத்தை அறுக்காது. நாத்திகன் அறம் பசுபுண்ணியமாக மட்டுமே நிற்குமன்றோ என்பது அத்தடை. இது வலியுடையதே. ஆயினும் அறியாது செய்த சிவபுண்ணியமும் பயன் தரும் என்பதும் அம்மரபே. திருமறைக்காட்டுக் கோயிலில் நெய்யுண்ணச் சென்ற எலி விளக்குத் திரியைத் தூண்டிவிட்ட செயலால் மறுபிறப்பில் மாவலிச் சக்கரவர்த்தியாயிற்று என்னும் வரலாறு அப்பர் சுவாமிகள் தேவாரத்திலும் போற்றப்பட்டது. எலிக்குச் சிவனைத் தெரியாது. அதன் நோக்கமும் தன் பசி தீர்த்தலே. தன்னலத்தாற் செய்த அறியாச் செயலுக்கே அத்துணைப் பயன் உண்டெனின், தன்னலமற்ற நல்லோன் செயல் வீணாம் எனச் சாதிப்பது எங்ஙனம்?

இவ்விடத்திற் சிலர் சாக்கிய நாயனாரைச் சான்றாகக் காட்டுவர். புத்தர் கோலத்தோடு இலிங்கத்தின்மேற் கல்லெறிந்தவர் முத்தி பெற்றாராதலின் நாத்திகரும் பெறுவர் என்பர். இது பொருந்தாது. சேக்கிழார் கூறியாங்கு, நாயனார் கோலத்தை மாற்றாரேயன்றி உள்ளத்தால் முன்னரே சிவனை அடைந்தவர்; அவர் எறிந்த கல் வழிபாடேயாம். எனினும் அவ்வரலாற்றில் நமக்குப் பயன்படும் பகுதி ஒன்றுண்டு. வினை, வினை செய்வான், வினைப்பயன், பயனைக் கொடுப்பான் என்னும் நான்கும் சைவத்தில் உண்டெனத் தெளிந்தே அவர் மனந்திரும்பினார். பயனைக் கொடுப்பான் ஒருவன் உளன் என்பது சைவர் துணிபாயின், அவன் தன்னை ஏற்பார்க்கு மட்டும் அளந்து கொடுத்து ஏலாதார்க்கு மறுப்பான் என்றல் அவனது நடுநிலைக்கு இழுக்காகும்.

இவ்வினா ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. நம் குடாநாட்டிலே கோயில் வாயிலில் வந்து நின்றதும் உண்டு. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், சாதி காரணமாக ஒருவரை வழிபாட்டிடத்துட் புகவிடாது தடுத்தலைக் குற்றமாக்கிற்று. ஆயினும் கதவுகள் பல திறக்கப்படவில்லை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் உட்சென்று வழிபட விழைந்த அடியார்கள் தடுக்கப்பட்டனர். கணிதப் பேராசிரியராகவும் அமைச்சராகவும் விளங்கிய செ. சுந்தரலிங்கம் தடுத்தோர் பக்கத்தில் நின்றார். மரபைக் காக்கின்றோம் என்பதே அப்பக்கத்தாரின் கூற்று. உட்புக விழைந்தோர்க்குத் துணைநின்றது தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம். அதனை முன்னின்று நடத்தியோருட் பலர் நா. சண்முகதாசன் தலைமையிலான பொதுவுடைமைக் கட்சியைச் சார்ந்தவர்கள். கடவுட் கொள்கையை ஏலாத மார்க்சிய நெறியைக் கைக்கொண்டவர்கள்.

சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரம் அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரன் எனவே கொண்டு தொழுமாறு விதிக்கின்றது. அடியாரை ஆலயத்தினின்றும் விலக்கி நிறுத்துவோர், அச்சூத்திரம் ஒருங்கு வைத்த இரண்டனைப் பிரித்தவராவர். தாம் வணங்கும் எண்ணமின்றியும், வணங்க விழைந்தார்க்கு வழி திறக்க முயன்றோர், தம்மை அறியாமலே அச்சூத்திரத்திற்குப் பணி செய்தவராவர். இவ்விரு திறத்தாருள் தக்கனை ஒத்தவர் யாவர், மறைக்காட்டு விளக்கைத் தூண்டியவர் யாவர் என்பதைக் கற்றோர் தாமே உணர்வர்.

இதனால் நாத்திகன் நாத்திகனாக நின்றே முத்தி பெறுவான் என்பது எம் முடிபன்று. ஞானத்தாலன்றி வீடில்லை என்பது சித்தாந்தம். அதனை நெகிழ்த்தல் ஆகாது. ஆனால் அவ்விதி திருநீறு பூசிய நமக்கும் ஒக்கும். பெயரளவிற் சைவனாயிருத்தல் ஞானமாகாது. இருவினையொப்பும் மலபரிபாகமும் வந்த வழியே சத்திநிபாதம் நிகழும் என்பர். புண்ணியம் வரும் என எண்ணாது, சுவர்க்கத்தை வேண்டாது, நன்மையை நன்மைக்காகவே செய்பவன், பயனைக் கணக்கிட்டு அருச்சனை செய்பவனிலும் இருவினையொப்புக்கு அணியனாதல் கூடும். அன்றியும் நித்திய நரகம் என்னுங் கோட்பாடு நம் நூல்களில் இல்லை. உயிர்கள் பக்குவமெய்தும் பொருட்டே இறைவன் ஐந்தொழில் புரிகின்றான். ஆதலின் நல்லோனாகிய நாத்திகனைக் குறித்துச் சைவன் எழுப்பவேண்டிய வினா உய்வானோ உய்யானோ என்பதன்று. எவ்வளவு பக்குவமுற்றான் என்பதே. அதனை அளக்குங் கோல் நம் கையில் இல்லை.

பிற சமயத்தாரும் இவ்வினாவை எதிர்கொண்டனர். கத்தோலிக்க திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய ஏட்டில், தம் குற்றமின்றிக் கடவுளை வெளிப்படையாக அறியாதிருந்தும் நேரிய வாழ்வு வாழ முயல்வார்க்கு மீட்புக்கு வேண்டுந் துணையை இறைவன் மறுப்பதில்லை எனக் கூறிற்று. அங்கே இஃது ஒரு பெருந் திருப்பமாகக் கருதப்பட்டது. நமக்கோ இக்கருத்துக்கு வேண்டும் வித்து ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகட்கு முன்னரே சித்தியாரில் இடப்பட்டுள்ளது. எனினும் நல்ல நாத்திகனை நோக்கி, "நீயும் உண்மையிற் சைவனே" என வலிந்து பட்டஞ் சூட்டுதல் தகாது. அவன் கொள்கையை அவன் நேர்மையோடு கொண்டான். அந்நேர்மையும் சித்தியார் கூறும் வாய்மையுள் அடங்கும்.

ஒரு நூலின் வன்சொல்லைப் பிறர்மீது எறிதல் எளிது; அச்சொல் யாரை நோக்கிக் கூறப்பட்டது என ஆராய்தல் அரிது. சித்தியாரின் இப்பகுதியைக் கற்கும் மாணவர், நாத்திகன் அறம் வீணோ எனக் கேட்குமுன், நம் வேள்விச்சாலைக்குப் புறம்பே நாம் யாரை நிறுத்தியிருக்கின்றோம் எனக் கேட்பாராயின், அருணந்தியார் தக்கனை எடுத்துக்காட்டியதன் பயன் கைகூடும்.