வாஞ்சியின் கடிதமும் நமது குசினியும்

ரொறன்ரோ றெஸ்ரோறன்ற் குசினிகளில் தினமும் மாட்டிறைச்சி வெட்டுகிறவர்கள் நாம். அந்தக் கைகளோடு வாஞ்சிநாதனின் கடிதத்தை வாசித்தால் மனம் குழம்புகிறது.

1911 ஜூன் 17இல் மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷைச் சுட்டுக்கொன்று, தன்னையும் சுட்டுக்கொண்டார் வாஞ்சி. இன்று அந்த நிலையத்தின் பெயரே வாஞ்சி மணியாச்சி. அவரது துணிவைப் பேசும் மேடைகள் பல. அவரிடம் கிடைத்த கடிதத்தை முழுதாக வாசிக்கும் மேடைகள் குறைவு.

அதில் சனாதன தர்மம் அழிகிறதே என்ற கொதிப்பு இருக்கிறது. ஐந்தாம் ஜோர்ஜ் மன்னனை மாடு தின்பவன் என்று இகழ்கிறது. 'ஐந்தாம்' என்பதைப் 'பஞ்சமன்' ஆக்கிச் சாதி வசையாகவும் திருப்புகிறது. அந்நியனை இழிவுபடுத்த, சொந்த ஊரில் ஒடுக்கப்பட்டவனின் பெயரையே எடுத்திருக்கிறார்கள். அப்படியானால் அந்த விடுதலையில் பஞ்சமனுக்கு என்ன இடம்?

மூன்று வருடங்களுக்கு முன் நிலைமை வேறு. 1908இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தோடு வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் நின்றார்கள். அவர்களைச் சிறையிலடைத்து அரசு அந்த வழியை மூடியது. மிஞ்சியது நீலகண்ட பிரம்மச்சாரியின் பாரதமாதா சங்கம் போன்ற இரகசியக் குழு. இரகசியம் குழுவைச் சுருக்கும். சுருங்கிய குழு தன் வீட்டுப் பேச்சையே தேசத்தின் பேச்சு என்று நம்பிவிடும்.

ஆனால் எல்லாப் புரட்சிக் குழுக்களும் அப்படியில்லை. நாம் வாழும் இந்தக் கண்டத்தின் மேற்குக் கரையில், 1913இல், மரஆலைக் கூலிகளை நம்பி எழுந்தது கெதர் கட்சி. சீக்கியரான சோகன் சிங் பக்னாவும், முஸ்லிமான பரக்கத்துல்லாவும், இந்துவான ஹர்தயாளும் அதில் இருந்தார்கள். மதம் அவரவர் சொந்த விஷயம் என்றார்கள். 1915 பெப்ரவரியில் அவர்கள் திட்டமிட்ட எழுச்சி உளவாளியால் காட்டிக்கொடுக்கப்பட்டது, பலர் தூக்கிலேறினர். அவர்களும் தோற்றவர்களே. ஆனால் யாருக்காகத் தோற்றார்கள் என்று கேட்டால் பதில் விரிந்தது.

1990 ஒக்ரோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது நம்முடைய 'நாம்' சுருங்கியது. நமது ஊர்கள் பார்த்துக்கொண்டிருந்தன. இங்கே மண்டபங்களில் விளக்கேற்றும் நாம் அதைப் பற்றி எத்தனை தடவை பேசியிருக்கிறோம்? வாஞ்சியின் கடிதத்தைக் குறைசொல்வது சுலபம். நாம் எழுதிய கடிதத்தையும் ஒருநாள் யாரோ பிரித்து வாசிப்பார்கள்.