புரிசை அடவும் ஓசூர் இரவும்

கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிராமங்களில் பாரத விழா வந்துவிட்டால் பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் தெருக்கூத்து என்று நாட்கணக்கில் நடக்கும். அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவான். கடைசியில் மண்ணால் துரியோதனனைப் படுக்கவைத்துப் படுகளம், பிறகு தீமிதி. ஓசூரைத் தாண்டினால் பேச்சு மாறுகிறது, திரௌபதி மாறுவதில்லை. பெங்களூர் தர்மராயர் கோயில் கரகம் அவள் பெயரில்தான். தென் கர்நாடகத்தின் மூடலபாய யட்சகானத்தையும் நம் கூத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தவர்களுக்கு உறவு சொல்லாமலே விளங்கும்.

கூத்து குறித்த ஆய்வுகளில் சடங்கும் தொன்மமும் நிறைய உண்டு. அமெரிக்க ஆய்வாளர் ஹில்டபெய்டல் திரௌபதி வழிபாட்டைப் பற்றித் தொகுதி தொகுதியாகவே எழுதினார். ஆனால் ஆடுபவருக்குக் காலடி சொல்லிக்கொடுத்தவரைப் பற்றிய எழுத்து மிகக் குறைவு. நடன அமைப்பாளர் என்று நகரத்தில் யாரைச் சொல்கிறோமோ, அவரே கூத்தில் வாத்தியார். அந்தப் பெயருக்கு முழுத் தகுதி பெற்றவர் செய்யாறு அருகே புரிசையில் பிறந்த கண்ணப்ப தம்பிரான்.

அவர் குடும்பத்துக்குக் கூத்து தலைமுறைத் தொழில். புரிசைக் கூத்தைச் சென்னையில் பார்த்து அசந்துபோன நாடகாசிரியர் ந. முத்துசாமி 'அன்று பூட்டிய வண்டி' கட்டுரைகளை எழுதினார். அவர் 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழுவின் நடிகர்களுக்குத் தம்பிரான் ஆட்டம் கற்பித்தார். பிரெக்ட்டின் காக்கேசிய வெண்கட்டி வட்டக் கதையும் கூத்தாக மேடையேறியது. நவீன நாடகக்காரர்கள் கூத்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள் என்றே இதைச் சொல்லி வருகிறோம். வாத்தியார் புதுக் கதைக்கு அடவு கட்டினார் என்பதே எனக்குப் பெரிய செய்தி.

அந்த அடவைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். இருவர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னாலிருந்து ராஜ வேடம் வருகிறது. முதலில் குரல், சலங்கை. பிறகு கிரீடத்தின் நுனி. முழு உருவம் தெரிய நேரமாகும். கிரீடமும் தோளணியும் மார்புப் பதக்கமும் கண்ணாடித் துண்டு பதித்த மரக்கட்டைகள். இவ்வளவையும் கட்டிக்கொண்டவன் இடுப்பை வளைத்து நெளிய முடியாது. உடம்பு நிமிர்ந்தே நிற்க, ஆட்டம் முழுக்கக் காலுக்கு இறங்கிவிடுகிறது. அதனால்தான் கிரிக்கி போட்டுச் சுழலும்போது அத்தனை வேகம். பாட்டையும் விடாமல், மத்தளத்தோடு சுற்றை முடித்து, சரியான இடத்தில் கால் ஊன்ற வேண்டும். ஏட்டைப் பார்த்து இது வராது. வாத்தியார் எதிரில் நின்று ஆடிக் காட்ட வேண்டும்.

தம்பிரானின் மகன் கண்ணப்ப சம்பந்தன் அதைச் செய்து வருகிறார். பாரிஸ் தேயாத்ர து சொலேய் குழு 2016இல் மேடையேற்றிய இந்தியா பற்றிய நாடகத்துக்காக அந்த நடிகர்களுக்குக் கூத்து பயிற்றுவித்தார். 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது. முந்தைய ஆண்டு அதே விருது கோவை வட்டாரத்து வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் பத்ரப்பனுக்கு. ஆண்கள் ஆடிவந்த கும்மியில் பெண்களைப் பழக்கிச் சேர்த்தவர் அவர். இருவரும் ஆடியதற்காக மட்டுமல்ல, ஆடவைத்ததற்காகவும் மதிக்கப்பட வேண்டியவர்கள்.

ஓசூருக்கு வருவோம். சிப்காட், அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று வளர்ந்த ஊர். விடியவிடிய நடக்கும் கூத்தைப் பார்த்துவிட்டுக் காலை ஷிப்டுக்குப் போக யாருக்கும் உடம்பு ஒத்துழைக்காது. அதற்காகக் கூத்தைப் பத்து நிமிட வரவேற்பு ஆட்டமாக வெட்டி ஆண்டு விழா மேடையில் வைப்பதை நான் ஏற்கமாட்டேன். பத்து நிமிடத்தில் கிரிக்கி இருக்கும். அந்தச் சுழற்சிக்குக் காரணமான கதை இருக்காது.

செலவழிக்க வேண்டிய இடம் பயிற்சி. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் இந்த ஊரில், கூத்து வாத்தியார் ஒருவரையும் மூடலபாய ஆசான் ஒருவரையும் ஆண்டு முழுவதும் சம்பளத்துக்கு அமர்த்தலாம். ஷிப்ட் முடிந்த இளைஞர்களுக்கும் பள்ளிவிட்ட பிள்ளைகளுக்கும் மாலை வகுப்பு. முதல் சில மாதம் வேடமே வேண்டாம். தாளமும் காலும் போதும். மரக்கட்டைகளைப் பிறகு கட்டிக்கொள்ளலாம்.