இடக்கைக்கு வேலை

பழைய ஹோண்டா சிட்டி வீடெக்கில் கியர் மாற்றுவதே தனிச் சுகம். மணிக்கட்டை லேசாக அசைத்தால் போதும், 'டக்'கென்று உட்காரும். முள் ஏற ஏற எஞ்சினின் குரல் தொண்டையைச் செருமிக்கொண்டு பாட வருகிறவர்போலக் கனக்கும். அதைக் கேட்கவே இன்னும் கொஞ்சம் மிதிக்கத் தோன்றும். ஈசிஆரில் தார் எங்கே சொரசொரப்பு, எங்கே வழவழப்பு என்று ஸ்டியரிங் உள்ளங்கைக்குச் சொல்லிவிடும். இருக்கைதான் தாழ்வு, மூட்டுவலிக்காரர்கள் மன்னிக்க.

புது இன்னோவா ஹைகிராஸ் ஹைபிரிட் வேறு ரகம். சிக்னல் விழுந்ததும் மின்மோட்டார் ஓசைப்படாமல் நகர்த்தும். பின்வரிசையில் பாட்டியின் தூக்கம் கலையாது. ஏழு பேரோடு பள்ளத்தில் பதமாக இறங்கி ஏறுவதும் தேர்ந்த வேலைப்பாடுதான். ஆனால் அழுத்தி மிதித்தால் எஞ்சின் ஒரே சுருதியில் இரைகிறது, இடக்கையோ சும்மா கிடக்கிறது. குடும்பத்தோடு திருப்பதி போக இன்னோவா. தனியாக மாமல்லபுரம் வரை என்றால் சிட்டியின் சாவியைத்தான் கேட்பேன்.