மீள நடித்த போர்

1815 யூன் 18 ஆம் நாள் பெல்சிய நாட்டு வாட்டலூக் களத்தில் நெப்போலியன் தோல்வியுற்றான். அதன் இருநூறாம் ஆண்டு நிறைவையொட்டி, 2015 யூன் 19, 20 ஆகிய இரு மாலைகளிலும் அப்போர் அவ்விடத்திலேயே மீள நடித்துக் காட்டப்பட்டது. பல நாடுகளினின்றும் வந்த ஐயாயிரம் பேரளவினர் அக்காலப் படையுடை தரித்து நின்றனர். குதிரைகள் ஏறத்தாழ 300, பீரங்கிகளும் பல. பல்லாயிரவர் இருந்து கண்டுகளித்தனர். இக்காட்சி வரலாறா, கலையா, வெறும் வேடிக்கையா என்பது ஆராயத்தக்கது.

உடையிலும் கருவியிலும் அந்நடிகர் காட்டிய நுணுக்கம் பாராட்டுக்குரியது. ஒரு பொத்தானும் ஒரு தையலும் பழைய முறையினின்று வழுவலாகாதெனப் பல்லாண்டு உழைப்போர் அவர். துவக்குகள் ஒருங்கே வெடித்தபின் எழும் புகை எத்துணை விரைவிற் களத்தை மறைக்கும் என்பது நூல் பல கற்றும் உணர்தற்கரியது. நேரிற் கண்டார்க்கு அது கணப்பொழுதில் விளங்கும். படைத்தலைவரின் ஆணைகள் இடைவழியிற் பிழைத்தமைக்குக் காரணமும் உடன் விளங்கும். இவ்வளவில் இக்காட்சி நல்லாசிரியனே.

ஆயின், களம் பழைய களமன்று. ஒல்லாந்த மன்னன் முதலாம் வில்லியம், தன் மகன் காயமுற்ற இடத்திலே சிங்கச் சிலை தாங்கிய மண்மேடொன்றை எழுப்புவித்தான். 1826 இல் நிறைவெய்திய அது 40 மீற்றர் அளவு உயர்ந்தது. அதற்கு வேண்டிய மண் வெலிங்டனின் அணி நின்ற மேட்டுநிலத்தினின்றே அகழப்பட்டது. தன் படையைப் பகைவரின் கண்ணுக்கும் குண்டுக்கும் மறைத்து வைத்தற்கு வெலிங்டன் நம்பியது அந்நிலத்தின் பின்சரிவையே. நினைவுச் சின்னம் எழுந்தது. நினைக்க வேண்டிய நிலம் சிதைந்தது.

இதனினும் பெரிய குறை மெய்ப்பாடு பற்றியது. தொல்காப்பியர் கூறும் எட்டனுள் மருட்கையும் பெருமிதமும் இங்கு நிரம்ப உள. அச்சமும் அழுகையும் இல. வீழ்ந்தவன் ஆட்டம் முடிந்ததும் எழுந்து, உடையிற் படிந்த மண்ணைத் தட்டிக்கொண்டு பாசறைக்கு மீள்கின்றான். மெய்ப்போரிலோ 40,000 பேருக்கு மேற்பட்டோர் இறந்தும் காயமுற்றும் வீழ்ந்தனர். காயமுற்றோர் பலர் இரவு முழுவதும் அங்கேயே கிடந்தனர். பிணங்களின் உடை களைந்தோரும், பொய்ப்பல் செய்வார்க்கு விற்றற்பொருட்டுப் பற்களைப் பிடுங்கினோரும் அக்களத்தில் திரிந்தனர். அவ்விரவை நடிக்க முற்படுவார் யார்? நல்ல நாடகமாயின் ஒரு தாயின் புலம்பலாலேனும் அதனை உணர்த்தியிருக்கும்.

இவ்வகைக் காட்சிக்கு இக்குறை இயல்பே எனச் சிலர் கூறலாம். அவர் இங்கிலாந்தின் ஓர்கிறீவை நோக்குவாராக. 1984 யூன் 18 இல் (நாளின் ஒற்றுமை தற்செயலே) தென் யோர்க்சயரைச் சேர்ந்த அவ்வூரின் கற்கரி ஆலைக்கு அருகே, வேலைநிறுத்தஞ் செய்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரும் பொலிசாரும் மோதினர். 2001 யூன் 17 இல் ஜெரமி டெலர் என்னுங் கலைஞர் அம்மோதலை அவ்வூரிலேயே மீள நடிப்பித்தார். பழம்போர்களை நடிக்குங் கழகத்தார் பலரோடு, முன்னாட் சுரங்கத் தொழிலாளர் 200 பேரளவினரும் அதிற் சேர்ந்தனர். அவருட் சிலர் பொலிசாராகவும் வேடம் புனைந்தனர். அதனை மைக் பிகிஸ் திரைப்படமாக்கினார். மோதற் காட்சியினும் அதன் இடையிடையே வரும் பேச்சுக்களே நெஞ்சைத் தொடுவன. முன்பு சுரங்கத்தில் உழைத்துப் பின் பொலிசிற் சேர்ந்து, 1984 இல் தன் பழைய தோழருக்கு எதிரணியில் நின்ற ஒருவரும் அதிற் பேசுகின்றார். வாட்டலூவின் இரு மாலைகளிலும் காணப்படாத அழுகை அங்கே உளது.