பீதியில் ஓடியவர் யார்?

சாலைக் கடைத்தெருவில் கடையைத் திறந்ததும் இரண்டு பத்திரிகை படிப்பது என் வழக்கம். ஒன்று தமிழ், ஒன்று மலையாளம். பள்ளிப் படிப்போடு நின்றவன் நான். பிழை இருந்தால் பெரியோர் பொறுக்க வேண்டும்.

நம் செய்தித் தமிழில் சில சொற்கள் ஜோடி பிரியாமல் வரும். சோகம் என்றால் ‘ஆழ்ந்தனர்’. கதறல் என்றால் ‘நெஞ்சை உலுக்கியது’. பீதி என்றால் ‘உறைந்தனர்’, இல்லாவிட்டால் ‘அலறியடித்து ஓடினர்’. உறைந்தவர் எப்படி ஓடுவார்? சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் கூட்ட நெரிசல் செய்தியில் அப்படிப் போக முடியாது.

2011 ஜனவரி 14, மகரஜோதி இரவு. இடுக்கி மாவட்டம் புல்மேட்டில் 100-க்கும் மேற்பட்ட ஐயப்ப பக்தர்கள் இறந்தார்கள். அவர்களில் தமிழ்நாட்டுக்காரர்களும் பலர். பீதியில் முண்டியடித்து ஓடியதால் வந்த வினை என்றே நானும் நம்பினேன். அங்கிருந்து உயிரோடு திரும்பிய குமரி மாவட்டத்துச் சுமைத் தொழிலாளி ஒருவர் என் கடையில் வைத்துச் சொன்னார்: “ஓடல்ல அண்ணாச்சி. ஓடுகதுக்கு எடம் எங்க இருந்து? காலு தரையிலயே படல்ல.”

அறிவியலும் அவர் பக்கம்தான். ஒரு சதுர மீட்டரில் ஆறேழு பேருக்கு மேல் அடைந்தால் யாரும் தன் இஷ்டப்படி அசைய முடியாது. நெஞ்சு விரிய இடமின்றி மூச்சடைத்தே பலர் இறக்கிறார்கள், நின்ற நிலையிலேயேகூட. ஆக, ‘ஓடினர்’ என்ற வினைமுற்று இறந்தவர் கணக்கிலேயே பழியை எழுதிவிடுகிறது. குறுகிய வழியும் இருட்டும் போதாத ஏற்பாடும் அந்த வாக்கியத்தில் எழுவாயாக வருவதே இல்லை.

‘பலி’ என்ற சொல்லும் அப்படியே. சமணக் குடியில் பிறந்த எனக்கு அது உறுத்துகிறது. பலி என்றால் யாருக்கோ கொடுத்தது. இவர்களை யாருக்குக் கொடுத்தோம்? மலையாளத்தில் ‘திக்கிலும் திரக்கிலும் பெட்டு மரிச்சு’ என்று நேராக எழுதுவார்கள். நமக்கும் ‘நெரிசலில் நசுங்கி இறந்தனர்’ என்ற நல்ல தமிழ் இருக்கிறதே!

2025 செப்டம்பர் 27-இல் கரூரில் 41 பேர் இறந்தார்கள். அந்தச் செய்தியை எழுத்துக்கூட்டி வாசித்த என் பேத்தி, “தாத்தா, எதைப் பார்த்து பயந்தாங்க?” என்று கேட்டாள். தொல்காப்பியரும் மெய்ப்பாட்டியலில் அச்சத்தை வெறுமனே விடவில்லை. தெய்வம், விலங்கு, கள்வர், அரசன் என நான்கு காரணங்களோடுதான் சொன்னார். காரணமில்லாத அச்சம் அவர் கணக்கில் இல்லை.

வெளிமாநிலத்தில் நம் பிள்ளைகள் பலரும் பத்திரிகையில்தான் தமிழ் படிக்கிறார்கள். ‘பீதி’ என்று வாசித்தால் ‘எதனால்?’ என்று கேட்கச் சொல்லிக்கொடுப்போம். இறந்தவர்களுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அது.