கொசுவத்துக்குள் அடங்காத பேய்

காரைக்காலில் ஆனி மாத மாங்கனித் திருவிழாவின்போது புனிதவதிக்கும் பரமதத்தனுக்கும் ஆண்டுதோறும் திருக்கல்யாணம் நடக்கிறது. கணவன் அஞ்சி விலகிப்போனபின், அவனுக்காகச் சுமந்த சதையைக் கழித்துத் தரும்படி இறைவனிடம் கேட்டுப் பேயுருப் பெற்றவர் புனிதவதி. அவர் உதறிய மணக்கோலத்தை ஊர் வருடம் தவறாமல் மீண்டும் உடுத்திவிடுகிறது.

அந்தக் கோலத்தின் நடுவே இருப்பது கொசுவம். புடவையின் மீதித் துணியை மடித்து இடுப்பில் செருகுவதன் பயன், கால் வீசி நடக்க இடம் கிடைப்பது. உழைக்கும் பெண்கள் பின்கொசுவம் வைத்தது குனியவும் நிமிரவும்தான். மணப்பெண்ணின் கொசுவமோ பார்ப்பவர்களுக்கானது. மடிப்பு பிசகாமல் அடுக்கி, ஊசி குத்தி, அவளை அடிமேல் அடிவைத்து நடக்கச் செய்வது.

சோழர்காலச் சிற்பிக்கு இந்தத் தயக்கமெல்லாம் இல்லை. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள செப்புத் திருமேனியில் அம்மையார் விலா எலும்பு தெரிய, மார்பு வற்றி, கையில் தாளத்தோடு உட்கார்ந்திருக்கிறார். மறைக்க மடிப்பு எதுவும் இல்லை. ஆனால் 1973இல் ஏ.பி. நாகராஜன் எடுத்த 'காரைக்கால் அம்மையார்' படத்தில், லட்சுமி நடித்த இளம் புனிதவதி, கே.பி. சுந்தராம்பாள் நடித்த முதியவராக மாறுகிறார். எலும்புருவுக்குப் பதில் நாம் கும்பிடத்தக்க, புடவை கட்டிய ஒரு பாட்டி. கேமரா பேயைப் பார்க்கத் துணியவில்லை.

பேயுருவைக் கொண்டாடி நிறுத்திவிடவும் முடியாது. தனியே ஊர் ஊராய் நடக்க ஒரு பெண் இளமையையும் அழகையும் விலையாகக் கொடுத்தாக வேண்டும் என்பது பெரியபுராணக் கதையின் நிபந்தனை. பரமதத்தன் எதைக் கொடுத்தான்? வேறு மணம் செய்தான், பிறந்த மகளுக்குப் புனிதவதி என்று பெயர் வைத்தான், காலில் விழுந்தான். அவன் உடம்பு அவனிடமே இருந்தது.

அம்மையார் பாடியவை 143 பாடல்கள். மாம்பழமும் கணவனும் அவற்றில் இல்லை. தன்னை அவர் 'காரைக்கால் பேய்' என்றே சொல்லிக்கொள்கிறார். திருமணக் கதையை விரித்துச் சொல்பவர் பல நூற்றாண்டுகளுக்குப் பின்வந்த சேக்கிழார். நாமோ பாடல்களை விட்டுவிட்டுக் கதையை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

விழாவில் வீசப்படும் மாங்கனிக்காகப் பிள்ளைவரம் வேண்டிப் பெண்கள் நெரிசலில் நிற்கிறார்கள். அவர்களைக் கேலி செய்ய ஒன்றுமில்லை. பிள்ளையில்லாத பெண்ணை ஊர் என்ன பேசும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் பிறவாமை கேட்டவரிடம் பிள்ளை கேட்க அவர்களை அனுப்பிவைப்பது யார் என்பதை நாம் கேட்டாக வேண்டும்.